இரண்டு தலையணைக்கு ஒரு பலகை

ஓசூரில் நான் பார்த்த வேலையே அளப்பதுதான். வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவு. இயந்திரத்திலிருந்து வந்து விழும் துண்டை எடுத்து, கருவியில் வைத்து, எண்ணைப் பார்த்து, பச்சைத் தட்டிலோ சிவப்புத் தட்டிலோ போட வேண்டும். நடுவில் தட்டு கிடையாது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கூடப் படித்தவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. ஒரு பொருள் சரியா இல்லையா என்பது அளந்தால் தெரிந்துவிடும். அதைவிட நிம்மதியான விஷயம் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று அப்பா போன் செய்ததும் ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு காரிமங்கலத்தில் வந்து இறங்கினேன். அங்கிருந்து எங்கள் ஊருக்கு இன்னொரு பஸ். அப்போது சித்திரை முடியவில்லை.

அம்மாவுக்கு ஐம்பது வயது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். சின்ன வயதில் வந்துபோன ஏதோ ஒரு காய்ச்சல் அவள் இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டிருக்கிறது. அது இத்தனை வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தருமபுரியில் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த நிலையில் ஆபரேஷன் தாங்காது, மாத்திரையில் பார்க்கலாம் என்றார். நீட்டிப் படுத்தால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு முட்டும், அதனால் சாய்ந்த வாக்கில்தான் தூங்க வேண்டும் என்றும் சொன்னார்.

"எத்தனை தலகாணி வெச்சுத் தூங்கறீங்கம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டுங்க" என்றாள் அம்மா.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். தலையணை: 2. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தேடிப் படித்தேன். இதயம் தளரத் தளர ஆளுக்குத் தலையணை கூடிக்கொண்டே போகுமாம். இரண்டு என்றால் சமாளிக்கலாம். மூன்று, நான்கு என்று ஏறினால்தான் கவலை. ஆக, இரண்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு எண் கிடைத்துவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் இருப்பது திவான் கட்டில். நான்கு பக்கமும் சட்டம், நடுவில் பலகை, தலைமாட்டில் ஒன்றும் கிடையாது. தெற்குச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தோம். அம்மா அந்தச் சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பாள். ஹாலோபிளாக் சுவர். காலையிலிருந்து வெயிலைக் குடித்துவிட்டு, விளக்கு வைத்த பிறகும் தோசைக்கல் மாதிரி சுட்டுக்கொண்டிருக்கும். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த சந்தில் தலையணை அடிக்கடி நழுவி விழும்.

கட்டிலைத் திருப்பிப் போடலாமே என்றேன். கிழக்கே பீரோ. மேற்கே கதவு. மிச்சம் இருந்தது வடக்குதான்.

"வடக்க தல வெச்சுப் படுக்கறதா? நாள் வர்றதுக்கு முன்னாலயே அனுப்பிவெக்கப் பாக்கறா பாருங்க உங்க பொண்ணு" என்றாள் அம்மா.

அப்பா பால் வண்டி ஓட்டுபவர். விடியுமுன் போய், கறவை வைத்திருக்கும் வீடுகளில் கேன் எடுத்து, பத்து மணிக்குத் திரும்புவார். அவர் ஒரு யோசனை சொன்னார். தருமபுரியில் ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குத் தருகிறார்களாம். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் தானே நிமிரும்.

"அந்தக் கட்டிலு இந்த வூட்டுக்குள்ள வந்துச்சுன்னா, ஊர்ல இருக்கற அத்தன பேரும் ஆப்பிள் வாங்கிக்கினு வந்துருவாங்க" என்றாள் அம்மா. "வேணாம்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தலைமாட்டுக்கு ஒரு பலகை, ஹெட்போர்டு என்பார்களே அது. மெத்தென்று ஸ்பாஞ்சு வைத்து, கொஞ்சம் சாய்வாக, அம்மாவின் முதுகுக்கென்றே அளவெடுத்துச் செய்தது. இருக்கிற திவானிலேயே போல்ட்டு போட்டு மாட்டிவிடலாம். சுவரின் சூடு வராது. தலையணை விழாது. வடக்கும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. இவ்வளவு சுலபமான விஷயம் யாருக்கும் தோன்றவில்லையே என்று நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

அன்றைக்கே தொடங்கிவிட்டேன். அகலம் பிரச்சினை இல்லை. கட்டில் நான்கு அடி, பலகையும் சரியாக நான்கு அடி. இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பீரோக் கதவு இடிக்கும். உயரம்தான் கணக்கு. குட்டையாக இருந்தால் கழுத்து பின்னால் தொங்கும். அதிகமானால் மேல்விளிம்பு தலையை முன்னால் தள்ளும். மெத்தை அமுங்கும் அளவைக் கழிக்க வேண்டும், தலையணைகளின் தடிமனைக் கூட்ட வேண்டும். தரையிலிருந்து அளக்கக் கூடாது, உட்கார்ந்த பிறகு மெத்தையிலிருந்து அளக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. இதையெல்லாம் நான் சரியாகத்தான் செய்தேன்.

டேப்பை எடுத்துக்கொண்டு போனதும் அம்மா கால் மடக்கி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, முதுகை நேராக நிமிர்த்தி, தோளைப் பின்னால் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பார்வை நேராக எதிர்ச்சுவரில்.

"தோள் வரைக்கும் இருபத்தொண்ணு" என்றேன். "தலையோட பின்பக்கம் வரைக்கும் இருபத்தேழு."

"ஆச்சா?"

"ஆச்சும்மா."

மூச்சை விட்டாள். "படிக்க வெச்சது தப்பாப் போச்சு. பெத்தவளயே நட்டு போல்ட்டு மாதிரி அளக்கறா."

நான் சிரித்தேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்கிற மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் யாராக இருந்தாலும் டேப்பைப் பார்த்ததும் அப்படித்தான் நிமிர்வார்கள். டெய்லர் முன்னால் கூன் போட்டு நின்றால் தைப்பது கோணிப் போகும் என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்து வளர்ந்த உடம்பு. நான் அளந்தது, அந்த அரை நிமிஷத்துக்கு நோய் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தியை.

அளவு மட்டும் போதாது, சோதித்தும் பார்த்துவிடலாம் என்று ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி மூன்று மாதிரி செய்தேன். இருபத்து நான்கு அங்குலம், இருபத்தேழு, முப்பது. ஒவ்வொன்றையும் அவள் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, எப்படி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முதலாவதற்கு "ம்" என்றாள். இரண்டாவதற்கு "இது நல்லாருக்குது" என்றாள். மூன்றாவதைப் பிடிப்பதற்குள், "அதான் ரெண்டாவது நல்லாருக்குன்னு சொல்லிட்டன் இல்ல" என்றாள். அளவும் இருபத்தேழு, சோதனையும் இருபத்தேழு. இரண்டும் ஒன்றாக வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பின்னால் ஒருநாள் அவளே சொன்னாள்: "மூணு காட்டினா நடுவுல இருக்கறத எடுத்துக்கணும் பாப்பா. தப்பாப் போவாது. கடக்காரனும் சீக்கிரம் வுட்டுருவான்."

படம் வரைந்து எடுத்துக்கொண்டு காரிமங்கலத்துக்குப் போனேன். அன்று சந்தை. ஆட்டுக்குட்டியும் கோழியுமாக ரோடு நெரிந்து கிடந்தது. மரக்கடை ஆசாரி ஒரு கதவுக்கு இழைப்பு போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்குத் தெரிந்தவர். என் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படம் ஜோரா போட்டிருக்க பாப்பா. எட்போர்டு படுக்கறதுக்கா, பாக்கறதுக்கா?"

"படுக்கறதுக்குங்கண்ணா. சாஞ்சு தூங்கறதுக்கு. எங்கம்மாவுக்கு."

"அம்மாவுக்கு என்ன?"

"மூச்சு வாங்குது."

இழைப்புளியைக் கீழே வைத்தார். "எங்கப்பாருக்கு இழுப்பு இருந்துச்சு. கடைசில அவரு பின்னால சாயவே மாட்டாரு. முன்னால..."

"அது இழுப்புங்கண்ணா. அம்மாவுக்கு ஹார்ட். அது வேற, இது வேற" என்றேன். எனக்கு அவசரம். ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"தலகாணி எத்தன?"

"ரெண்டு."

"நெசமா ரெண்டுதானா? ஒண்ணு கூடினாலும் ஆளு முன்னால வந்துரும். சாய்வு மாறிப்போயிரும்."

"டாக்டர்கிட்டயே சொன்னதுங்கண்ணா" என்றேன், அதற்கு மேல் ஒரு சான்று உண்டா என்பது போல.

எட்டு நாளில் பலகை வந்தது. வேப்பமரச் சட்டம், நடுவில் ஸ்பாஞ்சு, மேலே பழுப்பு நிற ரெக்சின். குட்டி யானை வண்டியில் ஏற்றிவந்து இறக்கியபோது பக்கத்து வீட்டு அத்தையும் அவர் மருமகளும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஆசாரி போல்ட்டு முடுக்கி முடித்ததும் எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா எழுந்துபோய் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு தலையணை. முதுகு பலகையில். தலையின் பின்பக்கம் மேல்விளிம்புக்கு அரை அங்குலம் கீழே. நான் வரைந்தது வரைந்தபடி.

"அடேங்கப்பா, கல்யாணப் பொண்ணு கெட்டா" என்றார் அத்தை. "இனிமே கீழ எறங்க மாட்டா. காப்பியெல்லாம் அங்கயேதான்."

"நீ போட்டுக் குடு, எறங்காமயே குடிக்கறேன்" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் போட்டோ எடுத்து ஓசூர்த் தோழிக்கு அனுப்பினேன். பச்சைத் தட்டு, என்று எழுதியிருந்தேன்.

அவர்கள் போய்க் கதவைச் சாத்திய பிறகும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் முதுகு பலகையை விட்டு மெல்ல மெல்ல முன்னால் வந்தது. முதலில் ஒரு கை அகலம். பிறகு ஒரு சாண். கழுத்து குனிந்தது. இரண்டு கையையும் தொடைமேல் ஊன்றிக்கொண்டாள்.

"சாஞ்சுக்கம்மா."

"சாஞ்சுக்கறேன். புதுசில்ல, பழகணும்."

அடுத்த இரண்டு வாரம் நான் செய்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பலகைதான் தப்பு என்று முடிவு கட்டினேன். போல்ட்டைக் கழற்றி இரண்டு அங்குலம் இறக்கினேன். பிறகு ஒன்று ஏற்றினேன். சாய்வு போதவில்லையோ என்று அடியில் மரச்சக்கை வைத்தேன். எடுத்தேன். தலையணை ஒன்றின் பஞ்சைப் பிரித்துக் குறைத்தேன். ஒவ்வொரு தடவையும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, பலகையில் சாய்ந்து காட்டி, "இப்ப பரவால்ல" என்பாள். நான் அந்தப் பக்கம் போனதும் முன்னால் வந்துவிடுவாள். மத்தியானத்தில் வாசல் வேலையாக இருக்கும்போது ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்ப்பேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, நெற்றியை முழங்கால்மேல் வைத்திருப்பாள். நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், முதுகு பலகைக்குப் போய்விடும்.

"லீவு என்னைக்கு முடியுது?" என்று அவள்தான் தினம் கேட்பாள். "பலகதான் வந்துருச்சே. இன்னும் என்ன இங்க வேல உனக்கு?"

ஒருநாள் நான் மறுபடி டேப்பை எடுத்தபோது கையால் தட்டிவிட்டாள். டேப் சுருண்டுகொண்டே போய்ப் பீரோவின் அடியில் விழுந்தது.

"என்னய அளக்கறத வுடு பாப்பா" என்றாள். அதைச் சொல்வதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கியது.

விடுப்பு முடிய நான்கு நாள் இருக்கும்போது தருமபுரிக்குப் போனோம். அதே டாக்டர். அம்மாவின் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது.

"இப்ப எத்தனை தலகாணி?"

"ரெண்டு சார்" என்று நான் முந்திக்கொண்டேன். "ஹெட்போர்டு ஒண்ணு செஞ்சு போட்டிருக்கோம். இருபத்தேழு அங்குலம்."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நாலுங்க" என்றார் அப்பா.

அதுவரை அந்த அறையில் அவர் பேசியதே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார்: "நாலு தலகாணிங்க. அதும் பின்னால இல்ல. மடியில அடுக்கி வெச்சுக்கினு, அதுமேல குப்புறச் சாஞ்சுக்கும். ஒகேனக்கல் பரிசல்ல ஒக்காந்துக்கினு இருக்கற மாதிரி, காலக் கட்டிக்கினு. பின்னால சாஞ்சா மூச்சு நிக்குதுங்குது."

"எவ்வளவு நாளா?"

"மாசிலருந்தேங்க."

மாசி. நான் ஊருக்கு வருவதற்கு முன்னாலிருந்தே. நான் முதன்முதலாக 2 என்று குறித்துக்கொண்டபோதே அது நான்கு.

டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். நீர் பிரிய ஊசி போட ஐந்து நாள் தங்கச் சொன்னார். அம்மா தங்க மாட்டேன் என்றாள். தங்கினால் சரியாகிவிடுமா என்று அவரைக் கேட்டாள். அவர், கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்றார். சரியாகும் என்று சொல்லவில்லை.

"அப்ப வூட்லயே கொஞ்சம் கஷ்டமா இருந்துக்கறேங்க" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் அம்மாவை நிழலில் உட்காரவைத்துவிட்டு அப்பா டீ வாங்கப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"தெரிஞ்சும் ஏம்ப்பா சொல்லல? ஆசாரி வரைக்கும் போனேன். அட்டை வெட்டினேன். நீங்க பாத்துக்கினேதான இருந்தீங்க?"

அவர் டீக் கிளாசுகளைப் பார்த்தபடியே பேசினார். "உங்கம்மா சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிட்டா. நாலுன்னு தெரிஞ்சா நீ வேலைக்குத் திரும்பிப் போவமாட்டியாம். ரெண்டுன்னா போயிருவியாம்." பிறகு, "நீயும் அத்தன ஆசையா படம் போட்டுக்கினு இருந்த. என்னத்த சொல்றது?" என்றார்.

ராத்திரியில் நான் உள்ளறையில் தூங்குவேன். அப்பா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பார். பீரோவுக்கு மேலே இருக்கும் விருந்தாளித் தலையணை இரண்டையும் அவர்தான் இறக்கிக் கொடுத்திருக்கிறார். அவர் கேன் எடுக்கக் கிளம்பும் முன்னால் அவற்றை மறுபடி மேலே ஏற்றிவிடுவாராம், நான் எழுந்து பார்க்கும்போது இரண்டு மட்டும் இருக்கும்படி.

டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"பலக நல்ல பலகதான்" என்றாள். "நான்தான் அதுக்குச் சரியா இல்ல."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எப்போதும் எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றும். முன்னால் சாய்வதற்கு ஒரு மேசை செய்யலாம், கட்டிலுக்குக் குறுக்கே, உயரம் மாற்றுகிற மாதிரி, நெற்றிக்கு ஒரு மெத்தை வைத்து. மனசு அங்கேயே, அந்த வெயிலில், வரையத் தொடங்கிவிட்டது. பாதி வரைந்து நின்றுபோனது. எந்த உயரத்தைக் கேட்பேன்? கேட்டால் அவள் நிமிர்ந்து உட்காருவாள். இந்த மாதம் நான்கு, அடுத்த மாதம் எத்தனை? எத்தனையோடு எண்ணுவது நிற்கும் என்பது எனக்கு முன்னமே தெரியும். பஸ்ஸில் படித்ததில் அதுவும் இருந்தது. நான்தான் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் படித்தேன்.

ஓசூருக்கு நான் திரும்பவில்லை. அதற்காக அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், பேசுவதற்கு மூச்சு குறைவாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது தலையணைகள் பகலிலும் வெளியிலேயே இருக்கின்றன. யாரிடமும் ஒளிக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அத்தை ஆப்பிள் வாங்கிவந்துவிட்டுப் போனார்.

போன சந்தைக்குக் காய் வாங்கப் போனபோது மரக்கடை வழியாகத்தான் நடந்தேன். மறுபக்கமாகப் போயிருக்கலாம். ஆசாரி பார்த்துவிட்டார்.

"பாப்பா! எட்போர்டு எப்படி? அளவு சரியா இருந்துச்சா?"

சட்டத்தின் மூலைகளில் கை படும் என்று அவர் வளைத்து இழைத்துக் கொடுத்திருந்தார். நான் கேட்காமலே செய்தது. அவர் சொல்ல வந்ததை நான் கேட்காமல் வெட்டியதும் நினைவுக்கு வந்தது.

"சரியா இருக்குதுங்கண்ணா" என்றேன்.

"அம்மா நல்லாத் தூங்கறாங்களா?"

"தூங்கறாங்க."

இவ்வளவு சுலபமாக வருகிறது. அம்மாவுக்கும் டாக்டரிடம் அப்படித்தான் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் செருப்புச் சத்தத்துக்கு அவள் நிமிர்வதில்லை. நான்கு தலையணையை மடியில் அடுக்கி, அதன்மேல் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஒவ்வொரு மூச்சையும் தனியாக இழுத்துக்கொண்டு. பின்னால் பழுப்பு ரெக்சின் வந்த நாளில் இருந்த மாதிரியே பளபளத்தது. அதற்கு மேலே சுவரில், முன்பு அவள் சாய்ந்து சாய்ந்து பதிந்திருந்த தலை எண்ணெயின் வட்டம் பாதி தெரிந்தது, பாதியைப் பலகை மறைத்திருந்தது. பலகையில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை.

காய்ப் பையைக் கீழே வைக்காமலே நின்றேன். அவள் முதுகுக்கும் பலகைக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கண் தானாக அளந்தது. பதினான்கு அங்குலம் இருக்கும்.